ஹில்டாவின் ரத்தம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டில் விசாரித்தாலும் ஹில்டாவைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். கறுப்புக் குடையும் தோளில் ஒரு நீலப் பையுமாக வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்து, வீட்டுக்காரர்கள் யாரென்று கேட்பதற்குள் அவர்களுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தாறு வயது. குட்டையான, கனத்த உடம்பு. நடை மட்டும் யாராலும் பிடிக்க முடியாத வேகம்.

அவள் சேர்ந்திருந்த ஆராய்ச்சி நிலையம் இரட்டையர் குடும்பங்களின் ரத்தத்தைத் திரட்டிக்கொண்டிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் இருவர், தாய், தகப்பன் என்று குடும்பத்துக்கு நாலு பேர். ஆளுக்கு இரண்டு ட்யூப் ரத்தம். அதைப் பிரித்து, கல்லாக உறைந்துபோகும் குளிரில் பல வருஷம் வைத்திருந்து, மரபணுவைப் படிப்பார்கள். ஒரே கருவிலிருந்து வந்த அண்ணன் தம்பியில் ஒருவன் எண்ணூரிலேயே இருந்து அனல்மின் நிலையச் சாம்பல் காற்றைக் குடிக்கிறான், இன்னொருவன் வேலூர்ப் பக்கம் போய்விட்டான் என்றால், இருவரின் நெஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது பிறப்பில் வந்த சீக்கு, எது ஊர் கொடுத்த சீக்கு என்று பிரித்துச் சொல்லலாம். இதைத்தான் ஹில்டா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

சும்மா யாரும் ரத்தம் கொடுத்துவிடவில்லை. ரத்தத்தை விற்கப் போகிறார்கள் என்றார்கள். இன்று ரத்தம், நாளைக்குக் கிட்னி என்றார்கள். முகத்துவாரக்குப்பத்தில் கெங்கம்மா என்றொரு மீன்காரி, தன் மகன்கள் இருவரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஹில்டாவை வெயிலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினாள். மறுவாரம் ஹில்டா மறுபடி போனாள். அன்றும் கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவை கெங்கம்மா விற்காமல் மிச்சம் வைத்திருந்த கூடை மீனை ஹில்டாவே உட்கார்ந்து ஆய்ந்து கொடுத்தாள். பன்னிரண்டு வருஷம் காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் ஐஸில் கையை விட்டு, விரல் மரத்துப்போய் வேலையை விட்டவள் அவள். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் கெங்கம்மா நாற்காலி போட்டாள். அப்போதும் ஹில்டா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "எனக்கும் ரெட்டப் புள்ளைங்கதான். அதுங்க ரத்தந்தான் மொத மொத அந்தப் பொட்டில போச்சு. தப்பு தண்டாவா இருந்தா எம் புள்ளைங்களக் குடுப்பனா?" என்றாள், அவ்வளவுதான்.

அது உண்மை. அவளுடைய பிள்ளைகள் டெரிக்கும் ரேச்சலும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். ஆணும் பெண்ணுமாகப் பத்தொன்பது வயது. டெரிக் பாலிடெக்னிக்கில் படித்தான். ரேச்சல் நர்சிங் சேர்ந்திருந்தாள். கணவன் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் சரக்கு வண்டிகளைப் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தான். சர்ச்சுக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை. அந்த நாலு பேரின் ரத்தம்தான் ஹில்டா கொண்டுபோன முதல் ரத்தம்.

அந்த ரத்தத்தில்தான் கோளாறு வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், திருவொற்றியூரில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலையை அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே அவளுக்காகக் காத்திருந்தவர் டாக்டர் யசோதரா. புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்து படித்து மேலே வந்தவர். ஹில்டாவை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர், அன்று நாற்காலியைக் காட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். ஹில்டா கொண்டுவந்த சாம்பிள்களில் ட்யூப் மாறியிருக்கிறது. ஒரு குடும்பத்தில் தாயின் ரத்தம் என்று ஒட்டியிருப்பது அந்தத் தாயின் ரத்தமே இல்லை. ஒன்று மாறியிருந்தால் மற்றவையும் மாறியிருக்கலாம். அதனால் அவள் சேர்த்த எல்லாக் குடும்பங்களின் ரத்தத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சரிபார்த்து முடியும் வரை அவள் வெளியே போக வேண்டாம்.

ஒவ்வொரு ட்யூபிலும் ஊசி எடுத்த கையோடு, அந்த ஆளின் எதிரிலேயே பெயரைக் கேட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வழக்கம். எந்தக் குடும்பம் என்று கேட்டாள்.

"உங்க குடும்பந்தான்க்கா," என்றார் யசோதரா.

அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுக்க ஏற்பாடானது. ஹில்டா கையே வைக்கக் கூடாது என்று, லேப்பில் வேலை பார்க்கும் தஹ்சீன் வீட்டுக்கு வந்தாள். நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, எடுத்து, ஒட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். டெரிக் ஏதோ கேலி பேசினான். ஹில்டா சிரிக்கவில்லை. தான் திருடியதாகச் சந்தேகப்பட்டுத் தன் வீட்டையே சோதனை போட வந்தமாதிரி அவளுக்கு இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இனி எந்த வாசலில் போய் நிற்பது என்பதுதான் அப்போது அவளுக்கு இருந்த ஒரே பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் அவளை அலுவலகத்திலேயே உட்கார வைத்தார்கள். அதன் பிறகு யசோதரா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் தண்ணீர் பாட்டிலை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். ட்யூப் மாறவில்லை, ஹில்டா மேல் ஒரு தப்பும் கிடையாது என்று முதலில் சொன்னார். ஹில்டா மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காருங்கள் என்றார் யசோதரா. இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லலாமா கூடாதா என்று மேலே இருக்கிறவர்கள் இரண்டு தடவை கூடிப் பேசியிருக்கிறார்கள், தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் இப்படியே போய்விடலாம் என்றார்.

அப்படிச் சொன்ன பிறகு யார்தான் எழுந்து போவார்கள்? சொல்லுங்கள் என்றாள் ஹில்டா.

"கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்கக்கா. டெரிக்கும் ரேச்சலும் நீங்க பெத்த புள்ளைங்கதானே?"

ஹில்டாவுக்குக் கேள்வி காதில் விழுந்தது, புரியவில்லை. யசோதரா மெதுவாகப் பேசினார். பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வர வேண்டும். ஸ்டானிஸ்லாஸின் பாதி சரியாக இருக்கிறது, அவர்தான் தகப்பன். ஆனால் ஹில்டாவின் பாதி இல்லை. வெறும் கால்வாசிதான் ஒத்துப்போகிறது. தத்து எடுத்திருந்தாலோ, வேறொருவரின் கருமுட்டையை வைத்துப் பிள்ளை பெற்றிருந்தாலோ சொல்லிவிடலாம், யாருக்கும் போகாது என்றார்.

"ஆஸ்பத்திரில வயித்தக் கிழிச்சு எடுத்தாங்க. தழும்பு கீது, காட்டட்டா?" என்றாள் ஹில்டா. அவள் கை தன்னால் புடவைக் கொசுவத்துக்குப் போய்விட்டது.

வேண்டாம் என்று யசோதரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கால்வாசி என்றால் என்ன அர்த்தம் என்று ஹில்டா கேட்டாள். யசோதரா அவள் கையை விடவில்லை. ரத்தத்தை மட்டும் வைத்துச் சொன்னால், ஹில்டா அந்தப் பிள்ளைகளுக்குப் பெரியம்மா முறை என்றார்.

பெரியம்மா. ஹில்டாவுக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். மூன்று வயது சின்னவளான ஜானட்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ராயபுரத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. ஆட்டோ கடைசி நிறுத்தத்தில் நின்று டிரைவர் திரும்பிப் பார்த்தபோதுதான் எங்கேயோ வந்துவிட்டது தெரிந்தது. இறங்கி, வந்த வழியே நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை கையில்தான் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய நாட்களை அவள் மனசு தானாகவே கிளறிக்கொண்டு போனது. பிள்ளைகள் பிறக்கும்போது அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, முழு மயக்கம் கொடுத்துத்தான் அறுத்தார்கள். அழுகைச் சத்தத்தை அவள் கேட்கவில்லை. கண் விழித்தபோது பக்கத்துத் தொட்டிலில் இரண்டு பேரும் துணியில் சுற்றிக் கிடந்தார்கள். உன் பிள்ளைகள் என்றார்கள், எடுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் ஜானட் திருச்சியில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் வேலை பார்த்தாள். ஒரு வருஷமாக ஊர்ப் பக்கமே வரவில்லை. வளைகாப்புக்குக்கூட வரவில்லை. பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் வந்தாள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரிய வந்து நின்றாள். வந்தவள் ரேச்சலைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். ஸ்டானிஸ்லாஸையும் அதே வருஷம் பயிற்சிக்கென்று திருச்சிப் பொன்மலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

இத்தனை நாள் எங்கெங்கோ கிடந்த விஷயங்கள். அவை ஒன்றோடொன்று இப்படிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நினைத்ததே இல்லை. தான் பெற்றவை செத்துப் பிறந்திருந்தால்? அந்தத் தொட்டிலில் யாரோ வேறு இரண்டைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தால்? சுங்கச்சாவடி வரை நடந்து வந்தவள் அங்கே ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் வருவதற்குள் ஸ்டானிஸ்லாஸிடம் கேட்டாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நிற்க, கட்டிலில் உட்கார்ந்தான். பொன்மலையில் தங்கியிருந்த நாட்களில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜானட்டைப் பார்க்கப் போனதாகவும், அவளை வெளியே விட மாட்டோம் என்று விடுதியில் சொல்லிவிட்டதால் வாங்கிப்போன பிஸ்கட்டை வாசலில் கொடுத்துவிட்டு வந்ததாகவும் சொன்னான். ஏன் வெளியே விடவில்லை என்று ஹில்டா கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவன் சொன்னதை அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"என்னாண்ட கேட்டுட்ட, சரி. நான் உன் புருசன், தாங்கிக்குவேன்," என்றான் ஸ்டானிஸ்லாஸ். "ஜானட்டாண்ட மட்டும் இத்தக் கேட்டுடாத மே. கேட்டுட்டா அப்பால திரும்ப எடுக்க முடியாது."

நல்ல புத்திதான் சொன்னான். ஹில்டா அதைக் காதில் வாங்கவில்லை.

ஜானட் எண்ணூரில் தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கேண்டீனை மேற்பார்வை பார்க்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஹில்டா போய் நின்றாள். வந்த சுருக்கில் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் சொன்னது, பெரியம்மா என்றது, திருச்சி, பிஸ்கட், அந்த ஒரு வருஷம். கடைசியில், "அதுங்க உன் புள்ளைங்களா ஜானட்?" என்று கேட்டேவிட்டாள்.

ஜானட் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த வருசம் நான் ஏன் வரல தெரிமா? எனக்கு டிபி. விடுதில ஒரு ரூம்ல தனியாப் போட்டு வெச்சிருந்தாங்க. மாத்திர முழுங்கி முழுங்கி, இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு எழுதிக் குடுத்தப்பறந்தான் உன் புள்ளைங்களப் பாக்க வந்தேன். அம்மாவாண்ட சொல்லல. உன்னாண்டயும் சொல்லல. பச்சப் புள்ளைங்க கீற வூடு, சொன்னா தூக்கக் குடுக்க மாட்டியோன்னு பயம்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த ஒரு தண்டையார்பேட்டை மாப்பிள்ளை விலகிப்போனதற்கு வீட்டில் எல்லாரும் அவளைத்தான் திட்டினார்கள். அவனிடம் மட்டும் தன் சீக்கைப் பற்றி உண்மையைச் சொல்லியிருந்தாள். அதனால்தான் அவன் போனான். திமிர் பிடித்தவள், வந்த வரனைக் கலைத்துவிட்டாள் என்று அப்போது முதலில் சொன்னவள் ஹில்டா.

ஹில்டா அவள் கையைத் தொடப் போனாள்.

"ரத்தந்தானே வோணும்? எங்க வரணும்னு சொல்லு, நாளைக்கே வந்து குடுக்கறேன்," என்று எழுந்தாள் ஜானட். "இப்போ நீ கெளம்பு."

சொன்னபடி மறுநாள் வந்தாள். கேண்டீன் சீருடையிலேயே வந்து, கையை நீட்டி, ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஹில்டா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல் போனாள்.

அந்த ரத்தத்தின் முடிவு வந்தபோது யசோதராவே ஆடிப்போய்விட்டார். ஹில்டாவையும் ஸ்டானிஸ்லாஸையும் சேர்த்துக் கூப்பிட்டிருந்தார். ஜானட் அந்தப் பிள்ளைகளின் தாய் இல்லை என்றார். ஹில்டா எவ்வளவு ஒத்துப்போகிறாளோ அதே அளவுதான் அவளும் ஒத்துப்போகிறாள். ஹில்டாவும் ஜானட்டும் ஒரு தாய் ஒரு தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகள், அதிலும் சந்தேகமில்லை. ஒருத்தி பெரியம்மா மாதிரி, ஒருத்தி சித்தி மாதிரி. அப்படியென்றால் இந்த இரண்டு பேருக்கும் கூடப்பிறந்தவள் இன்னொருத்தி இருக்க வேண்டும். அவள்தான் தாய்.

"மூணாவதா ஒருத்தி கிடையாதும்மா," என்றான் ஸ்டானிஸ்லாஸ். "எங்க மாமியாருக்கு ரெண்டே பொண்ணுங்கதான்."

தன் மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டதே என்ற நிம்மதி அவனுக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கும் அவனுக்கும் பிள்ளைகள் என்கிறார்களே. எந்த ஊரில், எப்போது, எப்படி? அவன் டாக்டரைப் பார்த்தான், டாக்டர் ஹில்டாவைப் பார்த்தார்.

ஹில்டாவின் தாய் ஃப்ளோரா இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. கேட்க ஆளில்லை. அம்மா யாருக்கோ ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்திருப்பாளோ என்று நினைத்தாள் ஹில்டா. அடுத்த நிமிஷமே, செத்தவளையும் விட்டுவைக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். தங்கையைக் கேட்டாயிற்று, புருஷனைக் கேட்டாயிற்று, இப்போது அம்மா. வீட்டுக்கு வந்து படுத்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. ரேச்சல் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அந்த விரல்களையே ஹில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டு விரல்கள், தன்னுடையவை மாதிரிக் கட்டை விரல்கள் இல்லை. இதுவரை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கிறோமே என்று உணர்ந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்டார்கள். வேலையில் பேஜாரு என்று மட்டும் ஸ்டானிஸ்லாஸ் சொல்லிவைத்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து யசோதரா மாடியேறி வீட்டுக்கே வந்தார். வெளியூரில் இருக்கிற தன் பழைய ஆசிரியரிடம், பெயர் சொல்லாமல், இந்த விஷயத்தைக் கேட்டிருந்தாராம். உலகத்தில் அபூர்வமாக ஒன்றிரண்டு பேருக்கு இப்படி நடந்திருக்கிறது, அதுவா என்று பார்க்க வேண்டும் என்றார். இன்னதென்று இப்போதே சொல்ல மாட்டேன், பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ரத்தம் மட்டும் போதாது. தலைமுடி வேரோடு கொஞ்சம், கன்னத்தின் உள்பக்கச் சதை, கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் துடைத்து எடுக்க வேண்டும். ஹில்டா வேண்டாம் என்றுதான் சொன்னாள். இனிமேல் எதையும் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை. ஸ்டானிஸ்லாஸ்தான், பாதியில் விட்டால் இந்த வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாது என்றான். அவள் போய்ப் படுத்து, எடுக்கக் கொடுத்தாள்.

அந்த முடிவைச் சொன்ன நாளில் யசோதரா மேஜைக்கு அந்தப்பக்கம் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில் ஹில்டாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, மூணாவது பொண்ணு கெடச்சிட்டாங்க. அது நீங்கதான்."

ஹில்டாவின் ரத்தத்தில் இருப்பது ஒரு மரபணு. அவள் கர்ப்பப்பையிலும், எடுத்த முடிகளில் சிலவற்றிலும் இருப்பது வேறொரு மரபணு. அது டெரிக்குக்கும் ரேச்சலுக்கும் தாய் என்று அச்சாகப் பொருந்துகிறது. ஃப்ளோராவின் வயிற்றில் முதலில் உண்டானது இரண்டு கரு. இரட்டைப் பெண்கள். உண்டான சில நாட்களிலேயே, கண்ணுக்குத் தெரியாத பொட்டாக இருக்கும்போதே, இரண்டும் ஒன்றாக ஒட்டிக் கலந்துவிட்டன. ஒரே பிள்ளையாக வளர்ந்து ஒரே பிள்ளையாகப் பிறந்தன. உடம்பில் சில இடம் ஒன்றிலிருந்து வந்தது, சில இடம் மற்றதிலிருந்து வந்தது. ஃப்ளோராவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஹில்டா நெடுநேரம் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது யார் கை என்று அவள் தேடுகிற மாதிரி யசோதராவுக்குப் பட்டது.

"அப்போ அவ செத்துட்டாளா?" என்று கேட்டாள் ஹில்டா. "என் கூட இருந்தவ. நான் முழுங்கிட்டனா அவள?"

"இல்லக்கா. யாரும் சாகல, யாரும் யாரையும் முழுங்கல. அவங்க தனி, நீங்க தனின்னு எப்பவுமே இருந்ததில்ல. ரெண்டும் சேந்துதான் ஹில்டா. புள்ளைங்கள வயித்துல சொமந்தது நீங்க, பெத்தது நீங்க. ரத்தம் மட்டும் வேற சொல்லுது. நாங்க ரத்தத்த மட்டும் கேட்டோம், அது எங்க தப்பு."

அழுகை வரும் என்று ஹில்டா காத்திருந்தாள். வரவில்லை. உடம்பு முழுக்கச் சிலிர்த்து, பல் கிட்டிக்கொண்டது. தஹ்சீன் ஓடிவந்து ஒரு சால்வையைப் போர்த்தினாள். இத்தனை வருஷம் தெருத்தெருவாக இரட்டையைத் தேடி அலைந்தவளே இரட்டை என்று தஹ்சீன் ஆச்சரியமாகச் சொல்லிவைத்தாள். யசோதரா கண்ணைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே ஸ்டானிஸ்லாஸுக்கும் பிள்ளைகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். டெரிக் நம்பாமல் மூன்று தடவை கேட்டான். ரேச்சல் நர்சிங் படிக்கிறவள் ஆனதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் தங்களைப் பார்க்காமல் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எதற்கென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஸ்டானிஸ்லாஸ் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். மனைவிக்கு முதலில் கொடுத்தான். ஆனாலும் அவன் பழையபடி அவளிடம் சிரித்துப் பேசத் தொடங்கக் கிறிஸ்துமஸ் வரை ஆனது.

நிறுத்தி வைத்திருந்த குடும்பங்களின் ரத்தத்தை நிலையம் மறுபடி சேர்த்துக்கொண்டது. ஹில்டாவும் வேலைக்குத் திரும்பினாள். அவள் கதையை வெளியே சொல்லலாமா என்று யசோதரா கேட்டபோது, பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஜானட்டிடம்தான் அவளால் ஒன்றும் சரிசெய்ய முடியவில்லை. முடிவு தெரிந்த மறுநாளே எண்ணூருக்குப் போனாள். ஜானட் கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. ஹில்டா நின்றபடியே விஷயத்தைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்றாள். ஜானட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்தபோது அவள் கண் அகலமாகிவிட்டது. இப்படியும் நடக்குமா என்று ஒரு தடவை கேட்டாள்.

பிறகு சொன்னாள். "நீ கேட்டது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். டாக்டரு சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுது. அதான் எனக்கு ஆறலக்கா."

கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஜானட் வரவில்லை. பிள்ளைகளுக்குத் துணி மட்டும் கொடுத்தனுப்பினாள். பொங்கலுக்குப் பிறகு ஒரு காலையில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. அந்த டிபி வந்துபோன நெஞ்சில் தழும்பு இருக்கிறதாம். எண்ணூர்க் காற்றில் இருமல் நிற்கவில்லையாம். வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாளாம். இத்தனை வருஷமும் தனியாகத்தான் போய்வந்திருக்கிறாள். இந்தத் தடவை கூட வருகிறாயா என்று கேட்டாள். கெஞ்சலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. கேண்டீனில் பொருள் சொல்லி வாங்குகிற குரலில்தான் கேட்டாள்.

ஹில்டா அன்றைய வேலையை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு போனாள். இருவரும் எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட்டம் அதிகம். ரேச்சலுக்குப் பரீட்சை எப்போது என்று ஜானட் கேட்டாள், ஹில்டா சொன்னாள். பின்னால் யாரோ இருமினார்கள். உள்ளிருந்து ஜானட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.